டீ வரும் முன்னே போனவர்கள்

செத்துப்போனவர்கள் டீ குடிக்க வர ஆரம்பித்தது ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வெள்ளூரணிக்காரர்கள் பின்னால் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அன்றைக்கு அடித்த காற்றைத்தான் முதலில் சொல்வார்கள், அந்தக் காற்றில் சீனியம்மா வீட்டுக் கூரைத்தகரம் பிய்த்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மோதியதைச் சொல்வார்கள், அப்புறம்தான், ஏதோ மினி பஸ் வந்து நின்றதைச் சொல்வதுபோல, செத்தவர்கள் வந்ததைச் சொல்வார்கள்.

அவர்கள் வந்தது குருவம்மாவின் மகள் பூமயில் விட்டுவிட்டுப் போன போனுக்குள்ளே.

பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், ஒரு பொறி போதும் என்பார்கள், அதனால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் தகரப்பெட்டிக்குள் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். வைகாசியில் மருந்து அறை வெடித்து, பக்கத்து அறைகளும் சரிந்து, பதினோரு பேர் போனபோது, அந்தத் தகரப்பெட்டி வேப்பமரத்தடியில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதற்குள்ளே போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டே கிடந்தன, சத்தம் கேட்ட வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்து மணி டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது வெடித்தது. டீக்கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பரமன் ஓடைப்பாலத்தில் ஏறும்போது பூமி அதிர்ந்து, சைக்கிள் சாய்ந்து, கேன் உருண்டு, அத்தனை டீயும் ஓடை மணலுக்குள் இறங்கிவிட்டது. அதனால் அந்தப் பதினோரு பேரும் வாய் நனையாமல் போனவர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

பூமயில் உடனே போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் வாழையிலையில் கிடந்தாள். “தண்ணி, தண்ணி” என்று கேட்டாள். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுங்கள், அதற்கு மேல் கொடுத்தால் பிள்ளைக்குத் தாங்காது என்று நர்சம்மா சொன்னதால் குருவம்மா ஒற்றினாள், ஒற்ற ஒற்றப் பஞ்சு காய்ந்தது, திரும்பவும் நனைத்து ஒற்றினாள், ஒரு விடியலில் கேட்கிற குரலும் நின்றுபோனது. அதற்குப் பிறகு குருவம்மாவுக்கு வந்த துக்கங்கள் எல்லாம் வந்து வந்து போயின, இது ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது: பெற்ற பிள்ளையை ஒரு மடக்குக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே. தண்ணீர்ப் பானையைத் திறக்கும்போதெல்லாம் அது குத்தியது. இயல்பிலேயே அவள் கவலைப்படுகிறவள், மழை வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். இப்போது மகள் அங்கே எந்த இடத்தில் எந்தத் தாகத்தோடு நிற்கிறாளோ என்கிற கவலையும் சேர்ந்துகொண்டது.

பூமயிலின் போனை அவள் அணைக்கவே இல்லை. கோலத்துக்குப் புள்ளி வைத்து முதல் இழை இழுப்பதுபோல விரலால் ஒரு சுழி போட்டால் அது திறக்கும், மகள் போடுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே கை பழகியிருந்தது. அதில் பூமயில் ஆலை வேனில் போகும்போதும் வரும்போதும் விளையாடிய விளையாட்டு ஒன்று இருந்தது. படத்தில் ஒரு சின்ன டீக்கடை, ஜன்னலுக்கு வெளியே எப்போதும் மழை, அலமாரி நிறைய டப்பாக்கள். ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்து பேசுவார்கள், கேட்டுக்கொண்டே அவர்களுக்குப் பிடித்ததைக் கலக்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சுடுவதும் கிடையாது, ஓடுவதும் கிடையாது. “இதுல என்னத்தடி இருக்கு?” என்று குருவம்மா ஒருமுறை கேட்டபோது, “சும்மா உக்காந்து பேசுவாகம்மா, கேக்க நல்லாருக்கும்” என்று பூமயில் சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குருவம்மா அந்தக் கடையைத் திறந்தபோது, மழைக்குள்ளிருந்து சீனியம்மாவின் புருசன் கொண்டல்சாமி வந்து உட்கார்ந்தார். வெளிநாட்டுக்காரன் வரைந்த படம் என்பதால் தலைமுடி நீலமாக இருந்தது, கண் ரெண்டும் ஆட்டுக்குட்டிக் கண் மாதிரி பெரிதாக இருந்தது, ஆனால் மூக்கோரத்து மரு இருந்த இடத்தில் இருந்தது. கீழே கட்டத்தில் தமிழ் எழுத்து ஓடியது. அஞ்சாவதோடு நின்றவள் குருவம்மா, எழுத்துக்கூட்டி வாய்விட்டுத்தான் படிப்பாள். “கடைக்காரக்கா, தொண்டை காயிது, ஒரு டீ போடுங்க” என்று படித்து முடித்ததும், போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தகரம் போன வீட்டுக்கு ஓடினாள்.

“சீனி, ஒம் புருசன் வந்திருக்காரு.”

கயிறு தேடிக்கொண்டிருந்த சீனியம்மா வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“உயிரோட இருந்தப்ப நரைக்குச் சாயம் அடிங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. இப்பப் பாருங்க மதினி, நீலத்துல அடிச்சிருக்காரு.”

“டீ கேக்காரு. என்ன போட?”

“டிகாசன் தூக்கலா, சீனி அரை, ஆத்தக் கூடாது. ஆத்துனா அந்த மனுசனுக்குக் கோவம் வரும்.”

குருவம்மா விரலால் டப்பாக்களைத் தொட்டுத் தொட்டு, பால் விட்டு, டிகாசன் விட்டு, ஆற்றாமல் நீட்டினாள். கொண்டல்சாமி கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். ஒரு மணி கிணுங்கியது. முகம் மலர்ந்தது. “ஆங், இதான்” என்று எழுத்து வந்தது, எழுந்தார், கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் போனார். சீனியம்மா சிரித்துக்கொண்டே அழுதாள், நாளைக்கும் போடுவோம் மதினி என்றாள். மறுநாள் போட்டு வைத்துக் காத்திருந்தார்கள், வேறு யாரோ வந்தார்கள். அதற்கடுத்த நாளும் அவர் வரவில்லை. வரவே இல்லை. பிடித்ததைக் குடித்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது, சீனியம்மா தெருப்புழுதியில் உட்கார்ந்து, “தெரிஞ்சிருந்தா ஆத்திக் குடுத்திருப்பேனே, ஆத்து ஆத்துன்னு ஆத்திக் குடுத்திருப்பேனே” என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாரும் சரியாகக் கொடுக்கவில்லை.

தப்பாகக் கொடுத்தால், வந்தவர்கள் ஒரு மடக்கு உறிஞ்சிப் பார்த்து, கிளாசைக் கீழே வைத்து, “இது இல்லக்கா” என்பார்கள், கொஞ்சம் பேசிக்கொண்டு இருப்பார்கள், நாளைக்கு வாரேன் என்று போவார்கள், சொன்னபடி வருவார்கள். ஆகவே காப்பி பிடித்தவருக்கு மோர் கொடுத்தார்கள், மோர் பிடித்தவருக்குச் சுக்குத்தண்ணி கொடுத்தார்கள், வாழ்நாள் முழுக்கப் பால் வாடையே ஆகாது என்றிருந்த மரகதத்துக்கு அவள் மகள் தினமும் பாலையே கொடுத்து, ஆத்தாளை ஆடி முழுக்கவும் ஆவணி முழுக்கவும் வரவழைத்துக்கொண்டிருந்தாள். ஊர் இதற்கென்று ஒரு நடைமுறையை உண்டாக்கிக்கொண்டது. பத்து மணிக்குக் குருவம்மா வீட்டு வேப்பமரத்தடியில் கூடுவது, செருப்பை வெளியே விடுவது, யார் வருகிறார்களோ அவர்கள் வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் உட்காருவது, மற்றவர்கள் பட்டாசுக்குக் காகிதக் குழல் சுருட்டுகிற வேலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவது. போனுக்குச் சந்தனம் வைத்தார்கள். சார்ஜர் வயரில் ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டினாள். கரண்டு இல்லாத நாளில் பஸ் ஏறிப் பெட்ரோல் பங்குக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். குறி சொல்கிற கோடாங்கி மட்டும், நாப்பது வருசமா உடுக்கடிக்கிற என் வாயில வராத செத்தவுக உன் செல்லுல வாராகளாக்கும் என்று கோபித்துக்கொண்டு மூன்று நாள் வரவில்லை, நான்காம் நாள் பாய் கொண்டுவந்து விரித்து உட்கார்ந்தார். கல்யாண மண்டபத்து டிவியில் மாட்டினால் எல்லாருக்கும் தெரியுமே என்று பஞ்சாயத்துத் தலைவர் கேட்டார். குருவம்மா முடியாது என்றாள். போனைக் கை மாற்றுவதற்கே அவளுக்குப் பயம், கீழே விழுந்து உடைந்தால் என்ன செய்வது, எதையாவது அமுக்கி அழிந்துபோனால் எங்கே போய்த் தேடுவது.

கேட்க நினைத்ததைக் கேட்க முடியாது என்பதுதான் எல்லாருக்கும் இருந்த ஒரே குறை. வந்தவர்கள் பேசப் பேச, கீழே மூன்று கட்டம் வரும், அதில் ஒன்றைத்தான் தொட வேண்டும். அப்படியா, பிறகு, வருத்தப்படாதே, இந்த மூன்றுதான். ரேசன் கார்டை எங்கே வைத்தாய் என்று கேட்க வழியில்லை. “பிறகுன்னு தொடு மதினி, அவளாச் சொல்லுவா” என்று மூன்று நாள் பிறகு பிறகு என்று தொட்டும், ஒரு மருமகள் ரேசன் கார்டைச் சொல்லாமல், கல்யாணத்துக்கு முந்தி ஒருநாள் மழையில் நனைந்ததையே சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் மாமியார்க்காரி வேறு வழியில்லாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூமயில் ஆவணியில்தான் வந்தாள்.

முடி ரோஸ் கலரில் இருந்தது. காதில் கவரிங் தோடு, வெடித்த அன்று போட்டிருந்தது. வந்து, ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, “கடைக்காரக்கா” என்றாள். வேப்பமரத்தடியில் இருந்த எல்லாரும் குருவம்மாவைப் பார்த்தார்கள். செத்தவர்களுக்குக் கடையில் நிற்பது யார் என்று தெரியாது, எல்லாருக்கும் அவள் கடைக்காரக்காதான், இது அவளுக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் மகள் வாயிலிருந்து வந்தபோது தாங்கவில்லை.

“கடைக்காரக்கா, ரொம்ப தாகமாருக்கு. ஏதாச்சும் குடுங்க.”

ரோஸ்மில்க்தான் பூமயிலுக்குப் பிடிக்கும், திருவிழாவுக்குத் திருவிழா ரோஸ்மில்க் கேட்டு அடம்பிடித்த பிள்ளை. அந்தச் சிவப்பு டப்பா கண்ணெதிரே இருந்தது. ஒரு மடக்குக்கூடக் கொடுக்காமல் அனுப்பினோமே என்று இத்தனை நாளும் அறுத்துக்கொண்டிருந்த குருவம்மா, இதோ கொடுக்கலாம், இப்போது யாரும் தடுக்கவில்லை என்கிற இடத்தில் நின்று, விரலை எடுத்து, கடுங்காப்பியைத் தொட்டாள்.

“இது இல்லக்கா,” என்றாள் பூமயில். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். “பரவால்ல. நாளைக்கு வாரேன்.”

அப்படித் தினமும் வந்தாள். தினமும் குருவம்மா தப்பாகக் கொடுத்தாள், தினமும் பூமயில் பேசினாள், அம்மாவிடம் பேசாததை எல்லாம் கடைக்காரக்காவிடம் பேசினாள். திரி வைக்கிற வேலையைவிடப் பூச்சட்டிக்குத் தாள் ஒட்டுகிற வேலை பிடிக்கும் என்றாள். வேனில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடி நடக்கும் என்றாள். “எங்கம்மா இருக்கே, அது எப்பப் பாத்தாலும் பயந்துக்கிட்டே கெடக்கும்க்கா. நான் வேன்ல ஏறுற வரைக்கும் வாசல்ல நிக்கும். ஏறுனப்புறமும் நிக்கும். மத்த பிள்ளைக சிரிப்பாளுக.” குருவம்மா அதை எழுத்துக்கூட்டி, ஊர் கேட்க, சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. படித்துவிட்டு, அப்படியா என்கிற கட்டத்தைத் தொட்டாள்.

புரட்டாசி பிறந்தபோது வந்தவர்களின் உதடுகள் வெடிக்க ஆரம்பித்தன. முதலில் யாரும் அதைப் பேசவில்லை. படம்தானே என்று இருந்தார்கள். பிறகு கன்னத்தில் கோடு விழுந்தது, குளம் வற்றிய தரை மாதிரி. எழுத்துகளும் தேய்ந்து, பாதிச் சொல்லோடு நின்றுகொண்டன. மரகதத்தின் மகள் தன் ஆத்தாளின் வாயைப் பார்த்துவிட்டு, சேலைத்தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி பாலைத்தான் கொடுக்கச் சொன்னாள். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று எல்லாருமே சொல்லிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கப்பாண்டி வந்தான். ஆலையில் போர்மேன். தீபாவளி ஆர்டர் என்று வெயிலுக்குள் மருந்து கலக்க வைத்தவன், ஒரு அறைக்கு நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேரை உட்கார வைத்தவன், எட்டாவது ஆளாகத் தானும் உள்ளே நின்றபோது வெடித்துப் போனவன். வேப்பமரத்தடியில் ஒரு சத்தம் எழுந்தது.

“வந்துட்டாம்பாரு துரை!”

“என்ன வேணுமாம்?”

குருவம்மா படித்தாள். “தண்ணி. வெறும் தண்ணி போதுங்காரு.”

“அம்புட்டுத்தானா? மதினி, உப்புத்தண்ணி குடுங்க.”

“உப்பு மட்டுமா? மொளகாயும் சேத்து!”

கொடுத்தார்கள். தங்கப்பாண்டி குடித்து, இருமி, இது இல்லக்கா என்றான். அவன் இருமியபோது சிரித்தவர்களும் உண்டு. மறுநாளும் கொடுத்தார்கள், அதற்கடுத்த நாளும். அவன் பேச ஆரம்பித்தால் குருவம்மா படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் நிறுத்தினாள்.

அவன் பெண்டாட்டி வேல்த்தாய் ஊர்க்கோடியில் இருந்தாள். வெடித்த நாளிலிருந்து யாரும் அவளோடு பேசுவதில்லை, குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். ஒருநாள் அவள் வேப்பமரத்தடிக்கு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காராமல் நின்றாள். தங்கப்பாண்டி அன்றைக்கும் உப்புத்தண்ணியைக் குடித்து இருமிவிட்டுப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டைக்கு வருவாள் என்று சீனியம்மா கொண்டையை முடிந்துகொண்டாள்.

“நான் கேக்க வரல,” என்றாள் வேல்த்தாய். “குடுங்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன்.”

“பாத்தேல்ல, கெளம்பு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“கெளம்புறேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். நீங்க உங்க ஆளுகளப் பிரியத்துல காய வைக்கீக. எம் புருசன வெறுப்புல காய வைக்கீக. தொண்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

போய்விட்டாள். குழல் சுருட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றிருந்தன. கோடாங்கி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், திரும்பவும் உட்கார்ந்தார்.

மறுநாள் முதலாவதாக மரகதம் வந்தாள். அவள் மகள் குருவம்மாவின் காதருகில் வந்து, “கருப்பட்டிக் காப்பி, பால் விடாம” என்றாள். மணி கிணுங்கியது. மரகதம் குடித்துவிட்டு, வெடித்த உதட்டோடு சிரித்து, மழைக்குள் போனாள், மகள் வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனவர்கள் யாரும் உலை வைக்கவில்லை. அதற்குப் பிறகு தினம் ஒருவராகப் போனார்கள். ஒருத்தருக்கு இஞ்சி டீ, ஒருத்தருக்குப் பன்னீர் சோடா, மழையில் நனைந்ததைச் சொன்ன மருமகளுக்கு ஏலக்காய் போட்ட பால். அந்த மாமியார்க்காரி ஏலக்காயை ரெண்டாப் போடு என்றாள். தங்கப்பாண்டி வந்தபோது யாரும் உப்பு என்று சொல்லவில்லை, குருவம்மா நிமிர்ந்து பார்த்தாள், எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள், அவள் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்த வேகத்தைப் பார்க்க முடியாமல் சீனியம்மா எழுந்து போனாள்.

கடைசியில் பூமயில் ஒருத்திதான் மிச்சம்.

ஊர் அன்றைக்குப் புதுச்சேலை கட்டவில்லையே தவிர, ஒரு நல்ல காரியத்துக்கு வந்ததுபோலத்தான் வந்திருந்தது. குருவம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. போகட்டும் என்று மனதைக் கல்லாக்கியிருந்தாள், இத்தனை நாள் கூட வைத்துப் பேசியது போதும், பிள்ளை நிறைந்த வயிறோடு போகட்டும். சிவப்பு டப்பாவைத் தொட்டாள். ரோஸ்மில்க்கைக் கலக்கி, ஐஸ் போட்டு, நீட்டினாள்.

பூமயில் ஒரு மடக்கு குடித்தாள்.

“இது இல்லக்கா.”

குருவம்மா இரண்டு தடவை படித்தாள். கூடியிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“சின்னப்பிள்ளையில குடிச்சது,” என்றாள் சீனியம்மா. “இப்ப டீயா இருக்கும். நாளைக்கு டீ குடுங்க மதினி.”

டீ இல்லை. சீனி கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. காப்பி இல்லை. பூஸ்ட் இல்லை, எலுமிச்சம்பழச் சாறு இல்லை, மோர் இல்லை, கம்மங்கூழ் இல்லை, நன்னாரி சர்பத் இல்லை. தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் அதைத்தானே கேட்டாள் என்று, வெறும் தண்ணீரைக் கொடுத்தாள். பூமயில் அதையும் ஒரு மடக்கோடு வைத்துவிட்டு, “இதும் இல்லக்கா, பரவால்ல” என்றாள். இரண்டு கன்னத்திலும் வெடிப்பு ஓடியிருந்தது.

ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்தியது. குழாயடியில் பேச்சு மாறியது. “எல்லாரையும் அனுப்ப வச்சுட்டு, அவ மகள மட்டும் வச்சுக்கிட்டா பாத்தியா.” “பெத்தவளுக்குத் தெரியாதா மக என்ன குடிப்பான்னு?” சீனியம்மாவே ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்.

“மதினி, எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க. வேணும்னுதான தப்பாக் குடுக்கீக?”

“எனக்குத் தெரியல சீனி.”

“பத்தொம்பது வருசம் வளத்தீக.”

“தெரியலத்தா. சத்தியமாத் தெரியல.”

சீனியம்மா நம்பாத முகத்தோடு போனாள். குருவம்மா உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். மகன் கோவில்பட்டி ஹாஸ்டலில் படிக்கிறான், அவனுக்கு டீயில் ஏடு மிதந்தால் ஆகாது, வேலைக்கென்று வெளியூர் போய்க் கிடக்கிற புருசனுக்குக் கொதிக்கக் கொதிக்க வேண்டும், இதெல்லாம் நுனிவிரலில் இருந்தது. பூமயில் டீ குடிப்பதாக ஒரு காலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற பூமயில் வந்தாள், தலை பின்னுகிற பூமயில் வந்தாள், கையில் டம்ளர் வைத்திருக்கிற பூமயில் வரவே இல்லை. ஆலையில் கூட உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைக் கேட்கலாம் என்றால், அவர்கள்தான் அந்தப் பத்துப் பேர், ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்து அவள் கையாலேயே அனுப்பி வைத்திருந்தாள்.

டீக்கார பரமனைப் போய்ப் பார்த்தாள். அவன் சைக்கிளை விற்றுவிட்டு, இப்போது பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறான்.

“பரமா, எம்மக அங்க என்ன குடிக்கும்?”

“கேன்ல ஒரே டீதானக்கா. ஆளுக்கு ஒரு கப்பு.” மாவைத் திருப்பிப் போட்டான். “பூமயிலு எப்பவும் கடைசியாத்தான் வந்து நிக்கும். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இல்லன்னாலும் ஒண்ணும் சொல்லாது, சிரிச்சிட்டுப் போயிரும்.”

ஐப்பசி அடைமழை பிடித்த நாளில், பூமயில் வந்து உட்கார்ந்தபோது வேப்பமரத்தடியில் யாரும் இல்லை, குருவம்மா வீட்டுக்குள்ளே அடுப்போரம் போனோடு உட்கார்ந்திருந்தாள். வெளியேயும் மழை, போனுக்குள்ளேயும் மழை. பூமயில் ரொம்ப நேரம் பேசவில்லை. பேச்சு வந்தால்தானே கட்டம் வரும், குருவம்மா காத்திருந்தாள். பிறகு என்ன நடந்ததோ, பேச்சு வராமலே மூன்று கட்டம் வந்தது. அப்படியா என்று ஒன்று. வருத்தப்படாதே என்று ஒன்று. மூன்றாவதில் பிறகு என்பது இல்லை, வேறு எழுத்து இருந்தது. எழுத்துக்கூட்டினாள்.

உனக்கு என்ன வேணும்?

இத்தனை மாதமும் அவள் தேடிய கேள்வி அதுதான். கை நழுவிவிடுமோ, வேறு கட்டத்தில் பட்டுவிடுமோ என்று விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, நடுவில் பார்த்துத் தொட்டாள்.

பூமயில் அந்தப் பெரிய கண்ணால் அவளையே பார்த்தாள். அந்தக் கேள்வியை என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி இருந்தாள். ஸ்டூலில் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள். பிறகு எழுத்து வந்தது, தேய்ந்து தேய்ந்து, ஒவ்வொன்றாக.

“எனக்குன்னு தனியா எதும் வேணாங்கக்கா. வீட்டுல அப்பாவுக்கு ஊத்தி, தம்பிக்கு ஊத்தி, அம்மா குடிச்சப்புறம் சட்டியில கொஞ்சம் நிக்கும். அதுல தண்ணி விட்டு அலசிக் குடிப்பேன். அது நல்லாருக்கும். எல்லாரும் குடிச்சு மிச்சம் எது இருக்கோ, அதக் குடுங்க.”

குருவம்மா படித்து முடித்தாள். சத்தமாகத்தான் படித்தாள், கேட்கத்தான் யாரும் இல்லை.

போனுக்குள் இருந்த கடை அடுப்பில் டீயைப் போட்டாள். பால், டிகாசன், சீனி. முதலில் ஒரு கிளாஸ் ஊற்றிப் பக்கத்துக் காலி ஸ்டூலுக்கு முன்னால் வைத்தாள். ஆள் இல்லாத இடத்தில் வைத்த கிளாசை அந்தக் கடை தானாக எடுத்துக் கொட்டிவிட்டு, சட்டியையும் கழுவிக் கவிழ்த்தது. திரும்பவும் போட்டாள். பாதி கிளாசாக ஊற்றப் பார்த்தாள், பாதி ஊற்ற அதில் வழியில்லை, தொட்டால் விளிம்பு வரை நிறையும். திரும்பவும் போட்டாள். மற்ற நான்கு ஸ்டூல்களும் காலியாகக் கிடந்தன. மரகதம் இல்லை, கொண்டல்சாமி இல்லை, ஏலக்காய்ப் பால் குடித்த மருமகள் இல்லை, தங்கப்பாண்டிகூட இல்லை. குடித்துவிட்டு மிச்சம் வைக்க ஒருத்தரும் இல்லை.

கடைசியில் அந்த நிறைந்த கிளாசையே மகளுக்கு முன்னால் வைத்தாள்.

பூமயில் ஒரு மடக்கு குடித்தாள். முகத்தில் கோபம் இல்லை. விளிம்பைத் துடைத்து, கிளாசை மெதுவாக இந்தப் பக்கம் தள்ளி வைத்தாள்.

“இது இல்லக்கா,” என்றாள். “பரவால்ல. நாளைக்கு வாரேன்.”